மலிந்துபோன பின்மோட்டாரும் இளகிய மண்ணும்: திருகோணமலையில் கட்டப்பட்ட ஒரு ஸ்டேடியம் ட்ரக்

திருகோணமலை பாலையூற்றைச் சேர்ந்த, மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தும் பட்டறையொன்றில் வேலை பழகும் இளைஞர் ஒருவர், ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில், ரிமோட்டினால் ஓடும் ஸ்டேடியம் ட்ரக் ஒன்றைப் பந்தயத்துக்கென்றே கட்டினார். வண்டியின் அடிக்கட்டமைப்பான சேசியைத் தெரிவு செய்ததிலிருந்து கச்சான் காற்றுக் காலத்து ஓட்டங்கள் வரை அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், எந்தப் பாகத்துக்கு ஏன் பணம் போடப்பட்டது, எதற்குப் போடாமல் விடப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். குறைந்த செலவு வண்டி என்றாலே வேகமான மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு, மிஞ்சிய பணத்தில் மற்றவற்றை ஒப்பேற்றும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. இந்த வண்டி அதற்கு நேர்மாறான வரிசையில் கட்டப்பட்டது என்பதே இதை எழுதத் தூண்டிய காரணம்.

ஸ்டேடியம் ட்ரக் எனப்படுவது பத்தில் ஒரு பங்கு அளவிலான, பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும், பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும் பந்தய வண்டி. 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் விளையாட்டரங்குக்குள் மிக்கி தொம்சன் மண்ணைக் கொட்டி நடத்திய பாதைசாராப் பந்தயங்களில் ஓடிய பிக்கப் வண்டிகளே இவ்வகையின் மூலம். சிறுவண்டிகளில், ஏற்கெனவே இருந்த, தாழ்ந்து குறுகிய பக்கி (buggy) வகையின் சேசிக்கு, சக்கரங்களைத் தாங்கும் நீளமான ஆர்ம்களையும் பெரிய சக்கரங்களையும் பூட்டியே இது உருவானது. நான்கு சக்கரங்களுக்கும் 2.2 அங்குல ரிம், ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் அகலம், மேலே பிக்கப் வடிவிலான மெல்லிய பொலிகார்பனேற் கூடு. அகலம் கூடியதாலும் டயர் பெரிதாக இருப்பதாலும், பக்கி தடுமாறும் குழி மேடுகளை இது நிதானமாகக் கடந்துவிடும். சீராக உருட்டிய ஓடுதளம் கிடைக்காத எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வகை ஏற்றதாக இருப்பது அதனாலேயே.

ஓடுதளம் சாம்பல்தீவுப் பக்கத்தில், தென்னந்தோட்டமொன்றை ஒட்டிய தனியார் காணியில் இருக்கிறது. மேலே கடல்மணல் கலந்த மெல்லிய படை; அதன் கீழே செம்மை கலந்த கபில நிற மண். மணல் மட்டும் இருந்தால் சக்கரம் புதையும் என்பதால், வளைவுகளிலும் ஏற்ற மேடுகளிலும் புற்றுமண்ணைக் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் விட்டு, மிதித்து இறுக்கியிருக்கிறார்கள். காலையில் கிணற்றுத் தண்ணீர் தெளித்தவுடன் அந்த இடங்கள் ஓரளவு பிடிமானம் தரும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் நண்பகலுக்குள் மேற்படை உலர்ந்து பொடியாகி, ஓடும் கோட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் இளகிய தூளாகிவிடும். காலைப் பந்தயமும் மாலைப் பந்தயமும் இரு வேறு தளங்களில் நடப்பதாகவே கொள்ள வேண்டும்.

தூசியை அடக்கக் கடல்நீர் தெளிக்கலாம் என்று ஒருமுறை பேச்செழுந்தது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பது உண்மைதான்; வெளிநாட்டு ஓடுதளங்கள் சிலவற்றில் கல்சியம் குளோரைட் தூவுவதும் இந்தக் காரணத்துக்காகவே. ஆயினும் அந்த உப்பு சக்கரத்தோடு எழும்பி, அச்சுகளைத் தாங்கும் பெயரிங்குகளுக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் போய்ச் சேரும். படகு எஞ்சின் பட்டறையில் இதைக் கேட்ட பெரியவர் சொன்ன பதில் சுருக்கமானது: “தம்பி, உப்புத் தண்ணி பட்ட பெயரிங் சத்தம் போட முந்தியே செத்துப் போயிருக்கும். நீங்கள் கிணத்துத் தண்ணியையே ஊத்துங்கோ.” அத்துடன் அந்த யோசனை கைவிடப்பட்டது.

சேசியைத் தெரிவு செய்ததே இந்த வேலையின் முக்கியமான முடிவு. புதிய, ஓடத் தயாராக விற்கப்படும் மலிவு வண்டி ஒன்றை வாங்குவதா, பழைய பந்தயச் சேசியொன்றை வாங்கிப் புதுப்பிப்பதா என்ற கேள்விக்கு, மண்ணே விடை தந்தது எனலாம். பழைய தலைமுறை ஸ்டேடியம் ட்ரக்குகளில் மோட்டார் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும். அதனால் பாரம் பின்சக்கரங்களின் மேல் விழுந்து, இளகிய மண்ணில் இழுவை கிடைக்கும். 2010க்குப் பிந்திய ஆண்டுகளில், கம்பளம், செயற்கைப்புல், நன்கு இறுகிய களிமண் ஆகிய பிடிமானம் மிகுந்த தளங்களில் பந்தயங்கள் பெருகியபோது, அந்தப் பின்பாரம் தேவையற்றதாயிற்று. முன்சக்கரங்கள் திரும்ப மறுப்பதும், வளைவில் பின்பகுதி ஊசலாடுவதும் பெருங்குறையாகத் தெரிந்தன. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மோட்டாரை அச்சுக்கு முன்னால், வண்டியின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தன. டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் ட்ரக் வரிசையில் டி4 பின்மோட்டார் வண்டி; அடுத்து வந்த டி5எம் நடுமோட்டார் வண்டி.

இதன் விளைவாக, போட்டித் தரத்தில் செய்யப்பட்ட பின்மோட்டார்ச் சேசிகள் பழைய பொருட்சந்தையில் அடிமட்ட விலைக்கு வந்துவிட்டன. அவை வேண்டாதவையானது அங்குள்ள தளங்களுக்குத்தான். ஆடி மாதத்து நண்பகலில் சாம்பல்தீவுக் காணியில் எந்த வண்டிக்கும் பிடிமானம் மிகுதியாக இருப்பதில்லை. அங்கே பின்பாரம் வரமாகவே அமையும். விலை குறைந்ததைத் தேடியபோது தளத்துக்குப் பொருத்தமானதே கைக்கு வந்தது என்பதால், தரத்தை விட்டுக்கொடுத்துச் சேமித்ததாக இந்தத் தெரிவைக் கருத முடியாது. இளைஞர் வாங்கியது டி4 சேசி, மோட்டாரும் மின்னணுப் பாகங்களும் இல்லாமல், பழைய கூட்டுடன், அனுப்பும் செலவு உட்பட 27,000 ரூபாய். அதே நிறுவனத்தின் எஸ்சி10 வண்டியும் இந்தச் சேசியின் வழித்தோன்றல் என்பதால், கியர்ப்பெட்டிப் பாகங்களும் அவற்றின் மாற்றுத் தயாரிப்புகளும் இன்னும் கிடைக்கின்றன. பழைய வண்டி வாங்குபவர் சேசியின் நிலையைப் பார்ப்பதற்கு முன், உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதையே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

விற்றவர் “பாவிக்கத் தயார்” என்று எழுதியிருந்தார். பிரித்துப் பார்த்தபோது, வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷலுக்குள் இருந்த கிரீஸ் காய்ந்து கபில நிறப் பசையாகியிருந்தது. திருகுகள் சிலவற்றின் தலைகள் வட்டமாகத் தேய்ந்திருந்தன. இந்தத் தேய்வுக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளின் திருகுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும் அலன் கீக்கள் மில்லிமீற்றர் அளவைச் சேர்ந்தவை. பதினாறில் ஓரங்குலக் குழி 1.59 மில்லிமீற்றர், அதற்குள் 1.5 மில்லிமீற்றர்க் கீயை விட்டால் நுழையும், பிடிப்பது போலவும் இருக்கும், இறுக்கும்போது மூலைகளைச் சீவிவிடும். தேய்ந்த திருகுகளின் தலையில் இரும்பறுக்கும் வாளால் ஒரு கீறல் போட்டு, தட்டைத் திருப்புளியால் கழற்ற வேண்டியிருந்தது. பிளாஸ்திக்கில் நேரே இறங்கும் இடங்களில் பழைய, 4-40 எனும் அங்குல அளவுத் திருகுகளுக்குப் பதிலாக 3 மில்லிமீற்றர்த் திருகுகள் போடப்பட்டன. அவை சற்றே பருமனானவை என்பதால் தளர்ந்துபோன துளைகளிலும் இறுகப் பிடித்துக்கொண்டன. உலோகத்தில் மரை வெட்டிய இடங்களில் மட்டும் பழைய அளவே தொடர்ந்தது. அங்கே 3 மில்லிமீற்றர்த் திருகை வலிந்து ஏற்றினால் மரை அழிந்துவிடும்.

டிஃபரன்ஷல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பந்தய வண்டியை விளையாட்டு வண்டியிலிருந்து பிரிப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. இந்தச் சேசியில் இருப்பது பல்சக்கர வகையன்று; இரு எஃகு வளையங்களுக்கிடையே சிறு குண்டுகள் உராய்ந்து விசையைக் கடத்தும் வகை. வளையங்களைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, குண்டுகள் ஓடிய தடம் நகத்தில் தட்டுப்படும் மெல்லிய பள்ளமாகத் தெரிந்தது. வளையங்களைத் தேயாத மறுபக்கத்துக்குப் புரட்டி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்த 600ஆம் இலக்க உப்புத்தாளில் எட்டு வடிவில் தேய்த்தபின், பளபளப்பு மறைந்து ஒரே சீரான மங்கல் நிறம் வந்தது. குண்டுகள் வழுக்காமல் பிடிக்க அந்த மங்கலே வேண்டும். குண்டுகள் புதிதாக மாற்றப்பட்டன. குண்டுகளுக்குச் சிலிக்கோன் கிரீஸும், அழுத்தத்தைத் தாங்கும் சின்னஞ்சிறு பெயரிங்குக்குக் கறுப்புக் கிரீஸும் இடப்பட்டன. இரண்டையும் மாற்றிப் பூசினால் அந்தப் பெயரிங் சில ஓட்டங்களிலேயே அரைபட்டுவிடும்.

பூட்டிய பின் சோதிக்கும் முறை எளிது. ஒரு பின்சக்கரத்தையும், மோட்டார் சுழற்றும் பெரிய ஸ்பர் பல்சக்கரத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு சக்கரத்தை முன்னோக்கித் திருப்ப முயல வேண்டும். அது இலகுவில் வழுக்கினால் டிஃபரன்ஷல் தளர்வாக இருக்கிறது என்று பொருள். வண்டி திடீரென இழுக்கும்போது முதலில் வழுக்க வேண்டியது, ஸ்பருடன் பூட்டிய உராய்வுத் தட்டான ஸ்லிப்பர் கிளட்ச். டிஃபரன்ஷல் ஒருபோதும் அதற்கு முந்தக் கூடாது. இந்த வரிசை பிழைத்தால் வளையங்கள் எரிந்து கருகும். இளகிய மண்ணுக்காக ஸ்லிப்பர் சற்றுத் தளர்வாக, நின்ற இடத்திலிருந்து முழுவேகம் கொடுத்தால் ஓரிரு அடி தூரம் வழுக்கிப் பின் பிடிக்கும் அளவுக்கு வைக்கப்பட்டது.

பெயரிங்குகள் அனைத்தும் புதியவை, 3,000 ரூபாய். உலோக மூடி போட்டவை சற்று இலகுவாகச் சுழலும். இறப்பர் மூடி போட்டவை தூசியையும் ஈரத்தையும் வெளியே நிறுத்தும். இங்கே இறப்பர் மூடியே தெரிவானது. சக்கரங்களில் இருப்பவற்றின் மூடியை ஊசியால் நெம்பி, படகு எஞ்சின்களுக்குப் பாவிக்கும் நீரெதிர்ப்புக் கிரீஸைச் சிறிதளவு அடைத்தார்கள். கியர்ப்பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு அந்தத் தடித்த கிரீஸ் சுமையாகும் என்பதால் மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும் என்று விடப்பட்டது. கடலுக்கு அருகில், ஓடாமல் வைத்திருக்கும் வண்டியின் பெயரிங்கும் துருப்பிடிக்கும். ஆகவே ஓட்டம் முடிந்தபின் தண்ணீரால் கழுவாமல், பெயின்ற் பிரஷ்ஷாலும் காற்றுப் பம்பியாலும் தூசி தட்டுவதே வழக்கமாக்கப்பட்டது.

மோட்டாரும் வேகக்கட்டுப்படுத்தியும் சேர்த்து 14,000 ரூபாய். சுழலியின் நிலையை அறியும் சென்சர் இல்லாத, பிரஷ் இல்லாத, 36 மில்லிமீற்றர் விட்டமும் 50 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட சாதாரண வகை. ஒரு வோல்ட்டுக்கு 3300 சுற்று. சென்சர் உள்ள, உள்ளே கம்பி 17.5 சுற்றுச் சுற்றப்பட்ட மோட்டார் மெதுவேகத்தில் மென்மையாக இழுக்கும், ஆனால் கட்டுப்படுத்தியோடு சேர்த்தால் விலை பெரிதும் ஏறிவிடும். சென்சர் இல்லாதது புறப்படும்போது ஒரு கணம் திக்கும். கட்டுப்படுத்தியின் தொடக்க விசையைக் குறைத்து வைத்ததில் அந்தத் திக்கலும் அடங்கியது, பின்சக்கரம் வெறுமனே சுழலுவதும் குறைந்தது.

கியர்க் கணக்கை எழுதிப் பார்ப்பது நல்லது. இந்தச் சேசியின் கியர்ப்பெட்டிக்குள்ளே 2.6 மடங்கு குறைப்பு இருக்கிறது. 87 பல் ஸ்பருக்கு, மோட்டார் அச்சில் 21 பல் பினியன் (சிறு பல்சக்கரம்) போட்டால் மொத்தக் குறைப்பு 10.77 ஆகிறது. 7.4 வோல்ட்டில் மோட்டார் நிமிடத்துக்கு 24,420 சுற்றுச் சுழலும். சக்கரம் ஏறத்தாழ 2,270 சுற்று. டயரின் விட்டம் 10.4 சென்ரிமீற்றர் என்றால், சுமையில்லாக் கணக்கில் மணிக்கு 44 கிலோமீற்றர் வருகிறது. 25 பல் பினியன் போட்டால் அதே கணக்கு 53 கிலோமீற்றரைத் தொடும். அந்தக் காணியின் நேர்ப்பாதையில் அவ்வளவு வேகத்தை எட்டுவதற்குள் வளைவு வந்துவிடும்; எட்ட முயலும் மோட்டார் சூடாவது ஒன்றே மிச்சம். நிழலிலேயே 34 பாகை வெப்பம் இருக்கும் ஊரில் மோட்டாரின் வெளிக்கூடு 80 பாகைக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் காந்தங்கள் வலுவிழக்கும் அபாயம் உண்டு. 21 பல்லுடன் ஓடியபோது அந்த எல்லைக்குக் கீழேயே நின்றது.

பற்றரியும் ரிமோட்டும் கொழும்பில் வாங்கப்பட்டன. லிதியம் அயன் வகைப் பற்றரிகளைத் தனிச்சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரலிலிருந்து சர்வதேச அளவில் தடைசெய்யப்பட்டிருப்பதால், வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பது வீண் சிரமம். கடின உறையுள்ள, இரண்டு செல், 5000 மில்லியம்பியர் மணி லிபோ (லிதியம் பொலிமர்) பற்றரி 12,000, ரிமோட் 9,000, சார்ஜர் இரவல். செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட்டுக்கு வந்ததும் கட்டுப்படுத்தி ஓட்டத்தை நிறுத்தும்படி அமைக்கப்பட்டது. பந்தயமில்லாத வாரங்களில் 3.8 வோல்ட்டில் வைப்பதும், வெயிலில் நிற்கும் முச்சக்கர வண்டிக்குள் ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாமல் இருப்பதும் கட்டாயம்.

ஸ்டேடியம் ட்ரக்கின் முன்டயர் பக்கியினதைவிடப் பெரிதும் அகலமுமானது. தூளுக்குள் புதைந்த நிலையில் அதைத் திருப்ப, மலிவு வண்டிகளோடு வரும் மூன்று கிலோ விசைச் சேர்வோ (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) போதாது. உலோகப் பற்கள் கொண்ட 15 கிலோ விசைச் சேர்வோ 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. இதே விலையில் மோட்டாரில் கிடைத்திருக்கக்கூடிய எந்த முன்னேற்றமும் இந்தளவு பயன் தந்திராது.

டயர்களுக்கு 13,000 ரூபாய் போனது. மோட்டாரும் கட்டுப்படுத்தியும் சேர்ந்து எடுத்த தொகைக்கு ஏறத்தாழச் சமமானது இது. நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பின்னுக்கு உயரமான முளைகள் கொண்ட மென்மையான இறப்பர். முன்னுக்கு நீளவாட்டு வரிகள் கொண்டது. முளை தூளைத் துளைத்துக் கீழேயுள்ள இறுகிய மண்ணைத் தொட வேண்டும், இல்லையேல் எத்தனை சுற்று மோட்டாரானாலும் வீண். ரிம்மில் ஒட்டுவதற்கு முன் இரு விளிம்புகளையும் தின்னரால் துடைக்காவிட்டால், டயரை வார்த்த அச்சில் பூசிய எண்ணெய்த் தன்மை நின்று பசையைப் பிடிக்க விடாது. திருகோணமலையின் ஈரக்காற்றில் சுப்பர்குளூ மிக விரைவில் இறுகும் என்பதால், டயரை முதலில் சரியாக அமர்த்திவிட்டு, விளிம்பைச் சற்று விலக்கித் துளித்துளியாக விட வேண்டியிருந்தது. மாலை ஓட்டங்களுக்கென்று, தேய்ந்த பழைய சோடியொன்றின் முளைகளில் ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டுக்குறடால் வெட்டி எடுத்தார் இளைஞர். இடைவெளி கூடியதால் முளைகள் ஆழமாக இறங்கின. மண்ணும் இடையில் அடையவில்லை. கடையில் வாங்க முடியாத டயர் இப்படிக் கிடைத்தது.

அதிர்வைத் தாங்கும் ஷொக்குகளுக்குச் சிலிக்கோன் எண்ணெய். குளிர்நாட்டு அமைப்புக் குறிப்புகள் சொல்லும் இலக்கத்தை அப்படியே எடுத்தால், இங்கே வெப்பத்தில் எண்ணெய் நீர்த்து, மேட்டிலிருந்து இறங்கும் வண்டி தரையில் அடிபடும். ஆகவே முன்னுக்கு 35, பின்னுக்கு 30 என ஒரு படி தடித்தது போடப்பட்டது. எண்ணெய் வகைகளும் கிரீஸ், பசை போன்ற சிறு பொருட்களும் 3,500 ரூபாய். ஆக, வண்டி மண்ணில் இறங்கியபோது செலவு 86,000 ரூபாய்.

காலை ஓட்டங்களில் இந்த ட்ரக் சிறப்பாகத் தோன்றவில்லை. ஈரமாக இறுகிய தளத்தில், வலுவான மோட்டார் பூட்டிய வண்டிகள் நேர்ப்பாதையில் இலகுவாக முந்திச் சென்றன. வளைவின் நுழைவாயிலில் இதன் முன்பகுதி பாரமின்றி வெளியே தள்ளுப்பட்டது. பின்மோட்டார் வண்டியின் பிறவிக்குணம் இது. வளைவுக்கு முன்பே விசையை விட்டு, பாரம் முன்னுக்குச் சரிந்தபின் திருப்பி, பிறகு மெல்ல விசை கொடுக்கும் பழக்கம் ஓட்டுபவருக்கு வரும் வரை நேரம் வீணாகியது. பற்றரியைச் சற்று முன்தள்ளி வைத்ததும் உதவியது. நண்பகல் தாண்டி மேற்படை தூளானதும் நிலைமை மாறியது. வேகமான வண்டிகளின் பின்சக்கரங்கள் சுழன்று குழி பறித்தன, சில வளைவிலேயே சுழன்று நின்றன. அவற்றில் ஒன்று மோட்டார் சூடேறித் தானாக நின்றுபோனது. இந்த ட்ரக் எந்தச் சுற்றிலும் மிக விரைவானதாக இருக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிட ஓட்டம் முழுவதும் ஒவ்வொரு சுற்றையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடித்து, இறுதி ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தது. முதலாவதாக வந்தது நான்கு சக்கர இழுவை வண்டி. அதை இந்த வகையோடு சேர்த்து ஓடவிடுவது முறையா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. என் பார்வையில் அது முறையன்று.

ஓட்டத்துக்குப் பின் பிரித்துப் பார்த்ததில் டிஃபரன்ஷல் வளையங்கள் மங்கல் நிறம் மாறாமல் இருந்தன. பெயரிங்குகளில் முன்சக்கரத்து ஒன்று மட்டும் கரகரத்தது. அதன் இறப்பர் மூடி ஊசியால் நெம்பியபோது மடங்கியிருக்க வேண்டும். வலது முன் ஆர்ம், வெளிப்புற ஊசித்துளையை ஒட்டி மயிர்க்கோடாக வெடித்திருந்தது. மேட்டுக்குப் பக்கத்தில் நட்டிருந்த தென்னங்குற்றியில் மோதியதன் விளைவு அது. அந்தக் குற்றிகளை எடுத்துவிட்டுப் பழைய தண்ணீர்க் குழாய்களைப் படுக்க வைக்கும்படி காணிக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். மிச்சமிருந்த 14,000 ரூபாயில் முன் ஆர்ம்கள் இரண்டு சோடியும், ஒரு சோடி பின்டயரும், சரியான அங்குல அளவு அலன் கீக்களும் வாங்கப்பட்டன. ஐப்பசி மழை தொடங்கினால் அந்தக் காணி தை வரை சேறாகக் கிடக்கும். அதற்கிடையில் பின்சோடி முளைகளை எந்த இடைவெளியில் வெட்டுவது என்பதைத்தான் இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டாரை மாற்றும் பேச்சு இன்னும் எழவில்லை.